தெரபி கிடைக்கும்வரை வீட்டில் என்ன செய்வது?

தங்கச்சி, சென்னையிலிருந்து கோலாலம்பூர் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, 22 மாதப் பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆட்டிசமோ என்று தெரபிக்குப் பெயர் கொடுத்தால் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை வீட்டில் நாமே ஏதாவது செய்யலாமா, தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசணுமா என்பது கேள்வி.

செய்யலாம். தமிழை நிறுத்தாதீர்கள்.

இந்த மொழி விஷயத்தில் நான் அடிபட்டவள். என் மகனுக்கு இரண்டரை வயதில் ஒரு தனியார் மையத்தில், "ஒரே மொழி பேசுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடுவான்" என்றார்கள். நம்பினோம். என் ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். மெயில் எழுத வரும், பிள்ளையைக் கொஞ்ச வராது. ஆறே மாதத்தில் அவனிடம் நான் பேசுவதே பாதியாகிவிட்டது. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை என்பதுதான் ஆய்வுகளில் தெரிவது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் காது பரிசோதனை. அப்புறம் கிளினிக்கில் எம்-சாட் என்ற ஆட்டிசம் முதற்கட்டச் சோதனையைக் கேளுங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விகள், அவ்வளவுதான். அது முடிவான தீர்ப்பு இல்லை, அடுத்து டாக்டரைப் பார்க்கணுமா என்று காட்டும். நம்மைப் போல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையிலும் கட்டணம் கூடுதல், முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

வீட்டில் செய்யும் பயிற்சிக்குத் தனி மேசையும் பட அட்டையும் வேண்டாம். எங்கள் கொண்டோ குடியிருப்பின் கீழே ஓர் ஊஞ்சல். அதில் என் மகனை உட்காரவைத்து, அவனுக்கு எதிரே மண்டியிட்டு, ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு... ரெண்டு..." என்று நிறுத்திவிடுவேன். பத்து நொடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! முதல் வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் காலால் என் வயிற்றை உதைத்தான். அதையே "மூணு" என்று எடுத்துக்கொண்டு ஆட்டிவிட்டேன். கண்ணைப் பார்க்கச் சொல்லித் தாடையைத் திருப்பாதீர்கள். அவன் பார்க்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாக்ட் (PACT) என்றொரு முறை. பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்டோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். 152 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அப்போது அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சுமார் ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், இந்த முறையில் வந்த பிள்ளைகளுக்கு, வராதவர்களைவிட அறிகுறிகளின் தீவிரம் குறைவாக இருந்தது. மறைந்துவிடவில்லை, குறைந்திருந்தது.

அதைப் படித்துவிட்டு நானும் ஒரு வீடியோ எடுத்தேன். மூன்று நிமிடத்தில் "இது என்ன?" என்று 14 தடவை கேட்டிருக்கிறேன். வாய் திறக்க அவனுக்கு இடமே விடவில்லை! இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து நீங்களும் ஒன்று எடுங்கள். மாமியார் "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்பார். சண்டை போடாமல், வீடியோவை அவரே எடுக்கட்டும் என்று கொடுத்துவிடுங்கள்.