அப்பாருவின் கிணறும் வேதியியல் லேபும் (கடிதம்)

வணக்கமுங்க ஐயா,

சென்னிமலைக்குப் பக்கத்தில், ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஈரோட்டில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. மார்க்குக்குக் கிடைத்ததால் சேர்ந்தேன். பிடித்துச் சேர்ந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மாதக் கடைசிக்குள் வேண்டுமானால் பி.காம்.முக்கு மாறிக்கொள்ளலாமாம். அப்பாருவோ (தாத்தா), "நம்ம கெணத்தக் கெடுத்ததே அந்தக் கெமிஸ்ட்ரிதான், அதையவே படிக்கப் போறயா சாமி?" என்கிறார். திங்கட்கிழமை முதல் பிராக்டிக்கல். பிளஸ் டூவில் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் லேபையே திறந்தார்கள். கரைசலை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டைப் பிடித்தாலே கை நடுங்கும். நீங்கள் வேதியியல் படித்துவிட்டுச் சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். நான் இதில் இருக்கலாமா? திங்கட்கிழமைக்கு என்ன தயார் செய்ய வேண்டும்? பெயர் போட வேண்டாமுங்க.

ஒரு மாணவி

அன்புள்ள அம்மிணி,

அப்பாரு சொல்வதை நான் மறுக்க மாட்டேன். உங்கள் கிணற்றைக் கெடுத்த சாயக் கழிவுத் தண்ணீரை உண்டாக்கிய வேலையில் நானும் இருந்தவன். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலை நோக்கிப் போக உப்பு கொட்டுவோம். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராம்கூட ஆகும். பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரமாக்கினால் சாயம் நூலோடு பிணைந்துகொள்ளும். உப்பு எதோடும் பிணையாது. போட்டது அத்தனையும் கழிவோடு வெளியே வரும். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய உங்கள் ஊர் அணையில் அதுதான் வந்து தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிறகு திறந்தார்கள். கழிவைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கிறார்களே, அங்கே உட்கார்ந்து அளந்துகொண்டிருப்பதும் கெமிஸ்ட்ரி படித்த ஆட்கள்தான். அப்பாருவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

இருப்பதா மாறுவதா என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் செக்கச் சிவக்கிறதே, அதில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? இன்றைக்கே பிழிந்து பாருங்கள், மறுபடி மஞ்சளாகும். அதைப் பார்த்ததும் "எத்தனை சொட்டில் மாறியது?" என்று எண்ணத் தோன்றினால் தயங்காமல் இருங்கள். டைட்ரேஷன் என்பது அவ்வளவுதான். "ஓ, சரி" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டால் பி.காம். போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. எங்கள் திருப்பூர்ப் பக்கம் கணக்குத் தெரிந்தவருக்கு என்றைக்கும் சோறு உண்டு.

இனி திங்கட்கிழமை. லேபில் போடும் வெள்ளைக் கோட்டைப் பருத்தித் துணியில் தைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். முடியை இறுக்கிக் கட்டுங்கள். ஆசிடைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிடில் அல்ல. பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொன்னால் ரப்பர் பல்ப் கேளுங்கள். சீனியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பெரும்பாலும் முதலில் வருவது பர்மாங்கனேட்டும் ஆக்சாலிக் ஆசிடும்தான். குடுவையில் ஆக்சாலிக் ஆசிடும் நீர்த்த சல்ஃபூரிக் ஆசிடும் விட்டு, ஆவி வரும் வரை சூடாக்குவீர்கள், கொதிக்க விடாமல். பியூரெட் என்ற, அடியில் திருகு வைத்த அளவுக் குழாயிலிருந்து பர்மாங்கனேட்டின் முதல் சொட்டு விழும். இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். முடிந்துவிட்டது என்று பதறிக் குழாயை மூடுகிறவர்கள் உண்டு. குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருங்கள், சில நொடியில் மறையும். மறைந்தபோது உண்டாகும் மாங்கனீஸே அடுத்த சொட்டுகளை வேகப்படுத்தும். அப்புறம் விழ விழ மறையும். கடைசியில் ஒரு சொட்டில் மெல்லிய ரோஸ் நின்றுவிடும். அங்கே நிறுத்துங்கள். பர்மாங்கனேட் கறுத்திருப்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும்.

இன்னொன்று. பியூரெட்டையும் பிப்பெட்டையும் தண்ணீரில் கழுவினால் போதாது. அதில் எடுக்கப் போகும் கரைசலாலேயே ஒரு தடவை அலச வேண்டும். குடுவைக்கு மட்டும் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர். இதை நான் கற்றது வெட்கத்தோடு. முதலாண்டில் எனக்கு 18.2 மில்லி வந்தது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் 18.4. ரெக்கார்டில் நானும் 18.4 என்றே எழுதிவிட்டேன். பிப்பெட்டின் ஈரம் ஆசிடை நீர்க்க வைத்திருக்கிறது என்று அந்த 18.2 சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை.

கேட்காத பழக்கம் பட்டறை வரை வந்தது. தினமும் காலையில் டேங்கர் தண்ணீரின் கடினத்தன்மை பார்ப்பது என் வேலை. நிறங்காட்டி கலந்த தண்ணீரில் ஈ.டி.டி.ஏ. என்ற கரைசலை விட விட ஒயின் சிவப்பு நீலமாகும். ஒருநாள் காலை சோம்பலில், முந்தின நாள் 40 இருந்ததே என்று இன்றைக்கும் 40 போட்டேன். டேங்கர்க்காரர் அன்று வேறு கிணற்றில் பிடித்து வந்திருந்தார். வெளிர் ரோஸ் பனியன் துணி, 300 கிலோ, திட்டுத் திட்டாக வெளியே வந்தது. டையிங் மாஸ்டர் என் நோட்டை விரித்து அந்த 40-ன் மேல் விரலை வைத்தார். "இது எந்தத் தண்ணிங்க?" என்று மட்டும் கேட்டார். துணி முழுவதையும் கடைசியில் கறுப்பில் முக்கி எடுத்தோம்.

சில்வர் நைட்ரேட் விட்டுக் குளோரைடு, அதாவது தண்ணீரில் உள்ள உப்பு, பார்க்கும் சோதனை உங்களுக்கும் ஒருநாள் வரும். அன்றைக்கு மேடத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். அப்பாருவையே மொண்டு தரச் சொல்லுங்கள். பிடிப்பதற்கு முன்னால் பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே இரண்டு தடவை அலசிவிடுங்கள்.