வேரியபிளில் தப்பான மதிப்பு இருந்தால் மாற்று மதிப்பு ஏன் வருவதில்லை?

வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியில், எழுத்தின் நிறத்துக்கு வார் (var, வேரியபிளின் மதிப்பை எடுத்துத் தருவது) அடைப்புக்குள் --நிறம் என்ற வேரியபிளை வைத்து, கமா போட்டு, மாற்று மதிப்பாக நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் எழுத்து கறுப்பாகவே வருகிறது என்கிறீர்கள். அந்த மாற்று மதிப்பு, வேரியபிள் வரையறுக்கப்படவே இல்லை என்றால்தான் கைகொடுக்கும். உங்கள் கோடில் --நிறம் இருக்கிறது, ஆனால் அதில் 20 பிக்சல் என்று இருக்கிறது. (பெயரைத் தமிழில் வைத்தது பிழையில்லை, சிஎஸ்எஸ் அதை ஏற்கும்.)

பிரவுசர் ஸ்டைல்ஷீட்டைப் படிக்கும்போது வேரியபிளுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் வார் உள்ள அந்த வரியைச் சரி என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே நீங்கள் எழுதிய சிவப்பைத் தள்ளிவிடுகிறது. அப்புறம் மதிப்பைப் பொருத்திப் பார்த்தால் 20 பிக்சல் ஒரு நிறமே இல்லை. அந்த நேரத்தில் சிவப்புக்குத் திரும்ப வழியில்லை. நீலமும் கணக்கில் வராது. தாய் எலிமென்ட்டின் (இந்த எழுத்தை உள்ளடக்கிய வெளிப் பகுதியின்) நிறம்தான் இறங்கி வரும். உங்களுக்கு அது கறுப்பு.

மதிப்பைத் திருத்தினாலே போதும். மற்றவர்களும் தொடும் கோடு என்றால், அட் பிராப்பர்ட்டி (@property, வேரியபிளின் வகையை அறிவிப்பது) விதியில் --நிறம் என்பதை நிற வகையாகவே பதிவு செய்யுங்கள். இன்ஹெரிட் (தாயிடமிருந்து மதிப்பு இறங்குவது) வேண்டாம் என்று குறித்துவிட்டால், தப்பான மதிப்பு வரும்போது அங்கே கொடுத்த தொடக்க மதிப்பு வந்து நிற்கும்.