மூணு வயசுப் பையன் அடிக்கிறான், கடிக்கிறான்: மொபைல்தான் காரணமா, வளர்ப்பு சரியில்லையா?

மூணு வயசுப் பையன், ப்ளேஸ்கூல்ல மத்த குழந்தைங்களை அடிக்கிறான், கடிக்கிறான், மொபைல் பார்க்கறதுனாலயா இல்ல எங்க வளர்ப்பு சரியில்லையான்னு கேட்டிருக்கீங்க. கடைசில இருக்கற அந்த வளர்ப்புக் கேள்வி நீங்களா கேட்டதா எனக்குத் தோணலைங்க, வீட்லயோ ஸ்கூல் வாசல்லயோ யாரோ உங்க காதுல போட்டிருக்கணும். எனக்கும் போட்டாங்க, அதான் எழுதறேன். நான் டாக்டர் இல்ல, சைக்காலஜி படிச்சவளும் இல்ல, கோயமுத்தூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பார்க்கறவ. "நீ யாரு இதைச் சொல்றதுக்கு"ன்னு கமெண்ட்ல வர்றவங்களுக்காக முன்னாடியே சொல்லிடறேன். ஆனா என் பையனும் கடிச்சவன்தான், அவனுக்கோசரம் நான் படிச்சதும் அலைஞ்சதும் கொஞ்சநஞ்சமில்ல.

முதல்ல ஒண்ணு. இந்த வயசுல அடிக்கிறது கடிக்கிறது எல்லாம் ஊர் உலகத்துல இல்லாத விஷயமே இல்ல. கனடாவுல மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேன்னு ஒரு ஆராய்ச்சியாளர், குழந்தைங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்து எழுதியிருக்காரு. மனுஷங்க அதிகமா கை நீட்டறது ரவுடியாத் திரியற வயசுல இல்ல, ரெண்டு வயசுல இருந்து நாலு வயசுக்குள்ளதானாம், அதுக்கப்புறம் பெரும்பாலான குழந்தைங்ககிட்ட குறைஞ்சுட்டே வருதாம். பேச்சு வர வர, கொஞ்சம் காத்திருக்கப் பழகப் பழக, கை நீட்டாம இருக்கறதைக் குழந்தை மெதுவா கத்துக்குது. சரி, அந்தப் பேச்சே வராத குழந்தை என்ன பண்ணும்?

என் பையன் கதை அதுதான். ரெண்டரை வயசு முடிஞ்சு ப்ளேஸ்கூல்ல சேர்த்தோம். "தா", "வா", "ம்மா", அதுக்கு மேல பேச்சு கிடையாது. குழந்தை டாக்டர்கிட்ட கேட்டா "பாய்ஸ் லேட்டாத்தான் பேசுவாங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு, என் மாமனாரும் "இவங்கப்பனே நாலு வயசுலதான் பேசுனான், உடும்மா"ன்னாரு. சேர்த்த கொஞ்ச நாள்லயே தினமும் கம்ப்ளைன்ட். ஒரு நாள் பொழுதோட கூப்பிடப் போனப்ப ஒரு பொண்ணு குழந்தையோட முழங்கைக்குக் கீழ பல்லு வரிசையா பதிஞ்சு வட்டமா செவந்து கிடந்துச்சு, அவங்கம்மா ஒண்ணுமே பேசாம அந்தக் கையை என்கிட்ட நீட்டிக் காமிச்சாங்க. அவங்க மேல எனக்குத் துளி கோவம் இல்ல, பெத்தவங்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனா அந்த ஸ்கூல் நடத்தற மேடம் எல்லார் முன்னாடியும் "வீட்ல ரெண்டு போட்டு வளர்த்திருந்தா இப்படி ஆகாது, அடுத்த டேர்முக்கு வேற இடம் பாத்துக்கங்க"ன்னு சொன்னது இன்னைக்கு வரைக்கும் ஆறல. அந்த இடத்துல நான் அவனை ஓங்கி ஒண்ணு அறைஞ்சிருந்தா அங்க நின்னவங்க எல்லாருக்கும் திருப்தியா இருந்திருக்கும். நான் அறையல, தூக்கி இடுப்புல வச்சுட்டு வந்துட்டேன். இதைப் பெருமையாவே சொல்றேன்.

காரணத்தைக் கண்டுபிடிச்சது எங்கம்மா. பொள்ளாச்சில இருந்து வந்து கொஞ்ச நாள் எங்ககூட இருந்தாங்க, வந்து மூணாம் நாளே "ஏங்கண்ணு, பின்னாடி இருந்து கூப்ட்டா இவன் திரும்பவே மாட்டேங்கறானே"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஒத்துக்கல, வட்டல் கீழ விழுந்தா திரும்பறான், குக்கர் விசிலுக்கு ஓடி வர்றான், காதெல்லாம் நல்லாத்தான் கேக்குதுன்னாரு. எங்கம்மா அவன் பொம்மை லாரிய உருட்டிட்டு இருக்கறப்ப முதுகுக்குப் பின்னாடி நின்னு, மெதுவா, "சாமி, முறுக்கு வேணுமா"ன்னு கேட்டாங்க. அசையல. மறுபடியும் கேட்டாங்க, லாரிதான் ஓடுது. முன்னாடி போய் குனிஞ்சு அதே சத்தத்துல கேட்டதும் லாரிய போட்டுட்டு கையை நீட்டிட்டு ஓடி வந்தான், முறுக்குன்னா அவனுக்கு உயிரு. ராத்திரி வாயைத் திறந்துட்டு குறட்டை வேற விடுவான், கழுத்தை பின்னால சாய்ச்சுகிட்டு படுப்பான், தலகாணி பூரா எச்சிலா இருக்கும். இதையும் சேர்த்து அம்மாதான் ஈஎன்டி டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க.

அங்க காதுல சின்ன குழல் மாதிரி ஒண்ணு வச்சு டிம்பனோமெட்ரின்னு, செவிப்பறை ஒழுங்கா அசையுதான்னு பார்க்கற ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, வலிக்காது, ஒரு நிமிஷ வேலை. நல்ல காதுக்கு கிராஃப் நடுவுல மேடு மாதிரி ஏறி இறங்கும், இவனுக்கு ரெண்டு காதுலயும் தட்டையா கோடு. செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்து கெட்டியா நிக்குது, மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு சதை வீங்கி காதுக்குப் போற வழியை அடைக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. தண்ணித் தொட்டிக்குள்ள தலையை முக்கிட்டு வெளில பேசறதைக் கேக்கற மாதிரி இருக்கும் அவனுக்குன்னாரு. பெரிய சத்தம் கேக்கும், பேச்சு தெளிவா கேக்காது. எனக்கு அப்பதான் அந்த க்ளாஸ் ரூம் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஃபேன் ஓடுது, இருபது குழந்தைங்க கத்துது, இவன் கட்டையை அடுக்கிட்டு இருக்கான், பின்னாடி வர்ற குழந்தை "எனக்கும் ஒண்ணு குடு"ன்னு ஒழுங்காத்தான் கேக்குது, இவனுக்கு அது விழல, திடீர்னு ஒரு கை வந்து கட்டையை எடுக்கறது மட்டும் தெரியுது. "இது என்னுது"ன்னு சொல்ல வாயில வார்த்தை இல்ல, பல்லு இருந்துச்சு.

உடனே கத்தி வைக்கல. நிறைய குழந்தைங்களுக்கு இந்த நீர் தானாவே வத்திரும், மூணு மாசம் பார்ப்போம்னுதான் டாக்டர் சொன்னாரு. இவனுக்கு வத்தல, அப்புறம்தான் அடினாய்டை எடுத்துட்டு ரெண்டு காதுலயும் குரோமெட்னு பொடிசா ஒரு குழாய் வச்சாங்க. வீட்டுக்கு வந்து மிக்ஸி போட்டதும் காதைப் பொத்திட்டு ஒரே அழுகை, நானும் அவன்கூட சேர்ந்து அழுதேன், எனக்கு அது சந்தோஷத்துல. ஸ்பீச் தெரபி போனோம். கடிக்கிறது ஒரே நாள்ல நிக்கல, வார்த்தை சேர சேர குறைஞ்சுச்சு. ஒரு நாள் கொழுந்தனார் பையன் லாரியப் புடுங்கறான், இவன் வாயைத் திறந்தான், நான் ஓடறதுக்குள்ள "என்னுது, குடு"ன்னு கத்தறான். கடிக்கல!

உடனே "எல்லாக் குழந்தைக்கும் காதுல பிரச்சினைங்கறியா"ன்னு கிளம்பிடாதீங்க, அப்படிச் சொல்லல. என் நாத்தனார் பொண்ணுக்குக் காது நல்லா கேக்குது, பேச்சு மழையா கொட்டும், அவளும் அடிக்கிறா. அவங்க வீட்ல சாப்பாடே பத்து மணிக்கு, குழந்தை தூங்க பதினொண்ணு, காலைல ஆறுக்கு வேனுக்காக எழுப்பிடறாங்க, மதியத் தூக்கமும் இல்ல. 3, 4 வயசுக்கு மதியத் தூக்கமும் சேர்த்து நாளைக்கு 10ல இருந்து 13 மணி நேரம் வேணும்னு உலக சுகாதார அமைப்பு 2019லயே சொல்லியிருக்கு. ஏழு மணி நேரம் தூங்கின குழந்தை பொழுதோட தம்பியைக் கிள்ளாம என்ன பண்ணும்.

மொபைல் பத்திக் கேட்டீங்க. அந்த அமைப்பே ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீன் வேண்டாம், அதுக்கு மேல நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லுது, நான் மொபைலுக்கு வக்காலத்து வாங்கல. ஆனா 1961ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஆல்பர்ட் பாண்டுரான்னு ஒரு சைக்காலஜி ஆராய்ச்சியாளர் பண்ண பொம்மை சோதனையைத்தான் எல்லாரும் இதுக்கு எடுத்து விடறாங்க. ஒரு பெரியவர் காத்தடிச்ச பொம்மையைக் குத்தறதைப் பார்த்த குழந்தைங்க தாங்களும் போய் அதே மாதிரி குத்துச்சு. அந்த முதல் சோதனைல டிவியும் இல்ல சினிமாவும் இல்லைங்க, அதே ரூம்ல நேர்ல நின்ன ஆளைப் பார்த்துதான் செஞ்சாங்க. படம் போட்டுக் காட்டிப் பார்த்தது அதுக்கப்புறம் 1963ல. அப்ப வீட்ல நாம கை ஓங்கறது கணக்குல வராதா? "நாங்கெல்லாம் அடி வாங்கித்தான் உருப்பட்டோம்"னு சொல்றவங்களுக்கு: அமெரிக்காவுல எலிசபெத் கெர்ஷாஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர், இன்னொருத்தரோட சேர்ந்து, சுமார் 1,60,000 குழந்தைங்களைப் பத்தின ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்து 2016ல வெளியிட்டாங்க. அடி வாங்கற குழந்தைங்ககிட்ட முரட்டுத்தனம் கூடத்தான் இருந்துச்சு, குறைவா இல்ல. அடியால முரடாச்சா, முரடா இருக்கறதால அடி வாங்குதான்னு அதுலயும் வாதம் இருக்கு, இருக்கட்டும். அடிச்சா அடங்கும்னு மட்டும் அதுல எங்கயும் வரல.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லைன்னாலும் சொல்லியே ஆகணும். அதே ஸ்கூல்ல ஆனுவல் டேன்னு மூணு வயசுக் குழந்தைங்களுக்கு வாரக்கணக்கா டான்ஸ் ப்ராக்டீஸ், காஸ்ட்யூமுக்கு தனிக்காசு, அன்னைக்கு மதியமே மேக்கப் போட்டு, சுருக்குனு குத்தற ஜிகினா சட்டையை மாட்டி, ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் மேடைக்குப் பின்னாடி உக்கார வச்சாங்க, சீஃப் கெஸ்ட் லேட். அன்னைக்கு அழாத, அடிச்சுக்காத குழந்தை அங்க ஒண்ணு கூட இல்ல, ஆனா வளர்ப்பு சரியில்லன்னு யாரும் மேடம்கிட்ட கேக்கல. கட்டின டேர்ம் ஃபீஸையும் திருப்பித் தரல.

நீங்க இப்ப பண்ண வேண்டியது, அவனை முதல்ல ஆடியாலஜிஸ்ட்கிட்ட, அதான் காது எவ்வளவு கேக்குதுன்னு டெஸ்ட் பண்றவங்ககிட்ட, கூட்டிட்டுப் போங்க. காசு கஷ்டம்னா உங்க மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில டிஇஐசி (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) எங்கன்னு கேளுங்க, குழந்தைங்களோட காது, பேச்சு, வளர்ச்சி எல்லாம் இலவசமா பார்க்கத்தான் அது இருக்கு. தூங்கி எழுந்து வயிறு நிறைஞ்சிருக்கற நேரமாப் பார்த்துப் போங்க, சத்தம் கேட்டா கட்டையைக் கூடைல போடுன்னு விளையாட்டா வச்சுத்தான் டெஸ்ட் பண்ணுவாங்க, தூக்கக் கலக்கத்துல இருந்தா ஒத்துழைக்க மாட்டான். அன்னைக்கு சளி இருந்தா அதை மறக்காம சொல்லிடுங்க, ரிசல்ட் மாறும், மறுபடி வரச் சொல்லுவாங்க.