மகளின் கழித்தல் விளையாட்டு: பெரம்பூர்த் தந்தை ஒருவருக்கு

மதிப்புக்குரிய ஐயா,

சனிக்கிழமை ஆலோசனைக்கு வந்தபோது நீங்கள் கேட்டதற்கு அப்போது அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வெளியே இன்னும் நான்கு குடும்பங்கள் காத்திருந்தன. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண் இறங்குகிறது, பெண்ணோ இரவு பதினொரு மணி வரை சின்னப் பிள்ளைகளுக்குக் கணினியில் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறாள், நிறுத்திவிடட்டுமா என்றீர்கள். நிறுத்தாதீர்கள். தேர்வு நாட்கள் நீங்கலாக, வாரத்தில் இரண்டு மாலைகளும் ஞாயிறு காலையும் அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

ஏன் நிறுத்தக் கூடாது என்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு அவளுடைய விளையாட்டை ஆடிப் பார்த்தேன். 43-இலிருந்து 17 போனால் எவ்வளவு என்று கேட்டு, 26, 34, 36, 60 என நான்கு விடைகளைக் காட்டுகிறது. ஏதோ மூன்று தவறான எண்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளைக்கு 34 வரும். கடன் வாங்கிவிட்டுப் பத்துகளின் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறக்கும் பிள்ளைக்கு 36 வரும். கழிக்கச் சொன்னதைக் கூட்டிவிடும் பிள்ளைக்கு 60. பிள்ளை எதைத் தொடுகிறது என்பதைப் பார்த்தாலே அது எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். கீழ்வீட்டு மூன்றாம் வகுப்புப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கு இருக்க வேண்டிய கண் இது. இந்த வயதில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதே விளையாட்டில் ஒரு கோளாறும் இருக்கிறது. 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.3 என்று நான் தட்டினேன்; தவறு என்று சிவப்பு காட்டியது. அவள் விளையாட்டை எழுதும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் கூட்டலுக்கு 0.30000000000000004 என்றுதான் விடை தரும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என முடிவின்றி நீள்கிறதல்லவா, அதுபோல 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் கணினி எழுதும் இரும எண்முறையில் 0.1 முடிவின்றி நீளும். கணினி ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். ரூபாயைப் பைசாவாக்கிக் கூட்டுவதுபோல முழு எண்ணாக்கிக் கூட்டினால் சரியாகிவிடும். ஆனால் சரியான விடை சொன்ன பிள்ளையிடம் தவறு என்று சொல்வது சிறிய பிழையல்ல. ஏற்கனவே கணக்கென்றால் பயப்படும் பிள்ளை மறுநாள் அந்தப் பக்கமே வராது. இதை அவளிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அடுத்து, நான்குக்கு நான்கு சட்டத்தில் ஒரே ஒரு காலியிடத்தை வைத்து, எண்ணிட்ட 15 கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிரைச் செய்யப்போகிறாளாம். கண்டபடி கலைத்துவிட்டால் சரிபாதி அமைப்புகளை எவராலும் முடிக்க முடியாது. அது ஏன் என்பதற்கான விடை வரிசைமாற்றக் கணக்கில் இருக்கிறது. பள்ளியில் அவள் தடுமாறுவதாகச் சொன்னீர்களே, அதே பாடம்தான்! அந்தப் பாடத்தை இந்தப் புதிரை வைத்தே படிக்கச் சொல்லுங்கள். முடிந்த வரிசையிலிருந்து தொடங்கி, விதிப்படி நகர்த்தியே கலைத்தால் புதிர் தீரும் என்பது குறுக்குவழி. அதை அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கணினி விளையாட்டு செய்யக் கற்றுத்தர வடபழனியில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஒன்றரை லட்சம் கேட்பதாகச் சொன்னீர்கள். கட்ட வேண்டாம். ஒரு காலத்தில் இணைய விளையாட்டு என்றாலே ஃப்ளாஷ் என்ற மென்பொருள்தான். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அந்த ஒரு கருவியை மட்டும் கற்றவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இணையப் பக்கம் செய்ய உதவும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் கற்கலாம். அவள் இப்போதே பாதி கற்றுவிட்டாள்.

வருமானத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். இப்படிப்பட்ட சின்ன விளையாட்டுகளை விற்று மட்டும் குடும்பம் நடத்த முடியும் என்று நம்பவைக்க மாட்டேன். இணையதள உருவாக்கம், மின்வழிப் பாட வடிவமைப்பு, கல்வி மென்பொருள் ஆகியவற்றில் வேலை தேடும்போது, ஓடுகிற நான்கு விளையாட்டுகளைக் காட்டுபவருக்கு மதிப்பு உண்டு. அதற்குப் பட்டமும் வேண்டும், கணக்கும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளில் சேர்வதற்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் இருக்கிறது, தனி நுழைவுத் தேர்வு, கடினமானது, ஆனால் இவளுடைய மனப்போக்குக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை, நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் படிக்கலாம்.

இன்னொன்று. அவளுடைய பக்கம் பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளி எல்லாம் கேட்கிறது. எடுத்துவிடச் சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பெயர் தெரியாமலே கழித்தல் சொல்லிக்கொடுக்கலாம்.

தமிழில் சொல் விளையாட்டு செய்யும் ஆசையும் அவளுக்கு இருக்கிறது. 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்று சொல்லும். இதைச் சரிசெய்யும் வழியைத் தேடிப் படிக்கட்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்காகச் செய்பவர் யாரும் இதைத் தாண்டியாக வேண்டும்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறீர்கள். பொருத்திப் பார்க்காமல் எதையும் அனுப்ப மாட்டீர்கள். அவளுக்கும் அதைப் பழக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து, வாய் திறக்காமல் பக்கத்திலிருந்து பார்த்து, அவர்கள் தயங்கிய இடங்களையெல்லாம் நோட்டில் எழுதட்டும். அடுத்த விளையாட்டாகப் பல்லாங்குழி செய்யச் சொன்னேன். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுக்கும் விதியை உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஊருக்கு ஊர் மாறுவதால் உங்கள் வீட்டு வழக்கத்தையே வைத்துக்கொள்ளலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். கணக்கு விடைத்தாளையும் கொண்டுவாருங்கள்.