யூரின் கார்டில் கோடு விழவில்லை, ஏஜென்ட் 25 ஆயிரம் கேட்கிறார்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. ஜிபி ரேட்டிங் என்ற மாலுமிப் பயிற்சியை முடித்து, முதல் கப்பலாக ஒரு எண்ணெய் டேங்கரில் சேரத் தேர்வாகியிருக்கிறான். ஜாயினிங் மெடிக்கலில் எடுத்த யூரின் டிரக் டெஸ்டில் ‘ஓபியேட்ஸ் – நான்-நெகட்டிவ்’ (non-negative), அதாவது ஓபியம் வகை மருந்து இல்லை என்று உறுதியாகவில்லை என்று வந்துவிட்டது. அவனுக்குச் சிகரெட் பழக்கம்கூடக் கிடையாது. டெஸ்டுக்கு முந்தின நாள்வரை டாக்டர் எழுதிக் கொடுத்த இருமல் மருந்து குடித்தான், அவ்வளவுதான். 25 ஆயிரம் கொடுத்தால் ரிப்போர்ட்டை மாற்றிவிடலாம், இல்லையென்றால் முடி டெஸ்ட் எடுத்து நிரூபிக்க வேண்டும் என்கிறார் ஏஜென்ட். மூன்று வாரத்துக்கு முன்புதான் திருச்செந்தூரில் அவனுக்கு மொட்டை போட்டோம். பிளாக்லிஸ்ட் செய்துவிடுவார்களோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஐயா, அந்த 25 ஆயிரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இன்னும் கொடுக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். உங்கள் மகன் கையில் இருப்பது தீர்ப்பு இல்லை, முதல் வடிகட்டலில் நின்ற ஒரு காகிதம். ‘பாசிட்டிவ்’ என்று எழுதாமல் ‘நான்-நெகட்டிவ்’ என்று எழுதியிருப்பதே, இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது என்பதால்தான். அந்த இரண்டாவது பரிசோதனையைச் செய்யாமல் முதல் காகிதத்தை வைத்தே பேரம் பேசுகிறவர்களிடம் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள்.

சிறுநீரை விட்டுப் பார்க்கும் அந்தக் கார்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஒவ்வொரு மருந்து வகைக்கும் ஒரு பட்டை, அதில் மேலே ‘சி’ என்ற இடத்தில் ஒரு கோடு, கீழே ‘டி’ என்ற இடத்தில் ஒரு கோடு. கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு விழுந்தால் பாசிட்டிவ் என்று எல்லோருக்கும் தெரியும், இதில் அது அப்படியே தலைகீழ். அந்த மருந்து சிறுநீரில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் ‘டி’ கோட்டை விழவிடாமல் தடுத்துவிடும். ஆகவே கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால் சந்தேகம். மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற அளவுக்கு விழுந்தாலும் அது கோடுதான், நெகட்டிவ்தான். இதைத் தெரியாமல் ‘லைட்டாகத்தான் வந்திருக்கு சார்’ என்று பாசிட்டிவாக எழுதிவிடுகிற லேப் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிட்டோடு வந்த தாளில் ஐந்து நிமிடத்தில் பார் என்று போட்டிருக்கும், இவர்கள் அரை மணி நேரம் கழித்து வந்து பார்ப்பார்கள். அதனால் உங்கள் முதல் கேள்வி, கார்டைப் போட்டோ எடுத்தார்களா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதாக இருக்கட்டும்.

சரி, கோடு உண்மையிலேயே விழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஓபியேட் பட்டைக்கு ஆள் அடையாளம் தெரியாது. ஹெராயினா, மார்ஃபினா, இருமல் மருந்தில் இருக்கும் கோடீனா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. கோடீன் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் மார்ஃபினாகவே மாற்றிவிடும். அந்த பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். ‘கோடீன் பாஸ்பேட்’ என்று இருந்தால் உங்கள் மகனின் கதைக்கு முக்கால்வாசி விளக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது. டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான் மட்டும் என்றால் அது வழக்கமாக இந்தப் பட்டையைத் தொடாது, வேறு காரணம் தேட வேண்டும். சளிக்கென்று கூடவே லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தாலும் சில கிட்டுகளில் ஓபியேட் கோடு விழாமல் போகும், அதையும் பாருங்கள்.

டாக்டர் சீட்டு தொலைந்துவிட்டது என்று பலர் கையைப் பிசைவார்கள். கோடீன், ஷெட்யூல் ஹெச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதோடு, யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு என்று மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கடைக்குப் போய்ப் பதிவேட்டு வரியின் நகலும் பில்லும் கேளுங்கள். பதிவேடே இல்லை என்றால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் தேதியோடு ஒரு கடிதம் வாங்குங்கள். மெடிக்கலுக்குப் போகும் பிள்ளைகளிடம் ‘என்ன மருந்து சாப்பிட்டாய்’ என்று கேட்டு ஃபாரத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் கப்பைக் கையில் கொடுக்க வேண்டும். எத்தனையோ இடங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். உங்கள் மகன் ஃபாரத்திலும் அது காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாளில் வீட்டில் குருமா வைத்தீர்களா? அதில் கசகசா அரைத்து ஊற்றினீர்களா? சிரிக்க வேண்டாம் ஐயா. கசகசா ஓபியம் செடியின் விதை. விதைக்குள் மயக்கப் பொருள் ஏதும் பெரிதாகக் கிடையாது, ஆனால் காயைக் கீறும்போதும் உடைக்கும்போதும் அதன் பால் விதையின் மேல் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. அதில் நிஜமான மார்ஃபினும் கோடீனும் இருக்கும். போதை ஏறாது, ஆனால் சிறுநீரில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்வரை தெரியும். இந்தக் கசகசாவால்தான் அமெரிக்க அரசு தன் ஊழியர் பரிசோதனையில் ஓபியேட் கட்-ஆஃபை, அதாவது சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளும் எல்லை அளவை, ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு 1998-இல் உயர்த்தியது. 2023-லும்கூட அந்நாட்டு ராணுவத் துறை தன் வீரர்களிடம் கசகசா சாப்பிடாதீர்கள் என்று சொன்னது. நம் ஊர்க் கிளினிக்குகளில் கிடக்கும் கார்டுகளில் பலவும் இன்னும் அந்தப் பழைய 300 கணக்கில்தான் ஓடுகின்றன. எத்தனை ஸ்பூன்வரை சாப்பிடலாம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது. ஒரு மூட்டைக் கசகசாவில் இருப்பதுபோல் அடுத்த மூட்டையில் இருக்காது. கழுவி, வறுத்து, அரைத்துக் கொதிக்க வைத்தால் குறையும், முழுதாகப் போகாது. நாலு பேர் சாப்பிடும் குருமாவில் ஒரு ஸ்பூன் போட்டதற்குக் கோடு மறைவது அபூர்வம், பாயசமாகவோ அல்வாவாகவோ கையளவு போனால் மறைய நல்ல வாய்ப்பு உண்டு. கசகசா என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் அதையும் நம்பாதீர்கள். ஹெராயினுக்கென்றே ‘6 அசிட்டைல்மார்ஃபின்’ என்று ஒரு அடையாளப் பொருள் உண்டு, கசகசாவிலிருந்தும் கோடீனிலிருந்தும் அது வராது. இன்னொன்று, கப்பலுக்குப் போகும் பெட்டியில் அம்மாக்கள் வைத்து அனுப்பும் மசாலாப் பொடியில் கசகசா இருக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள்.

இதையெல்லாம் பிரித்துச் சொல்வதற்குத்தான் இரண்டாவது பரிசோதனை. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்பார்கள், லேப்பில் ‘ஜிசி எம்எஸ் கன்ஃபர்மேஷன்’ அல்லது ‘எல்சி எம்எஸ்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். எந்தப் பொருள், எவ்வளவு என்று எண்ணாகவே எழுதி வரும். இதில் நீங்கள் விடக் கூடாத ஒன்று, அது அன்றைக்குக் கொடுத்த அதே சிறுநீரில் செய்யப்பட வேண்டும். முறையாக எடுப்பவர்கள் உங்கள் மகன் கண்ணெதிரே இரண்டு பாட்டிலில் பிரித்து ஊற்றி, சீல் வைத்து, அவன் கையெழுத்தை வாங்கியிருப்பார்கள். இன்றைக்கே கிளினிக்குக்கும் கம்பெனியின் டாக்டருக்கும் ஈமெயில் அனுப்பச் சொல்லுங்கள்: மாதிரி எங்கே இருக்கிறது, கார்டின் கட்-ஆஃப் என்ன, கன்ஃபர்மேஷன் எந்த லேப்பில் என்று. போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அன்று சாயங்காலமே கொட்டிவிட்டோம் என்று பதில் வந்தால் அதுவும் எழுத்தில் உங்களிடம் இருக்கட்டும், அப்படிப்பட்ட டெஸ்டை வைத்து ஒருவனை ஒதுக்குவது எவ்வளவு பலவீனமான வேலை என்று கம்பெனி டாக்டருக்குத் தெரியும்.

‘என்ஏபிஎல் லேப்’, அதாவது லேப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பின் பெயரைப் போர்டில் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடவும் வேண்டாம். அந்த அங்கீகாரம் டெஸ்ட் வாரியாகக் கொடுக்கப்படுவது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வாங்கிய முத்திரையை டிரக் டெஸ்ட் ரிப்போர்ட்டின் தலையில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தெந்த டெஸ்டுக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் என்ஏபிஎல் இணையதளத்தில் இருக்கிறது, லேப் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

இனி முடி. ஏஜென்ட் இதை ஏன் இழுக்கிறார் என்று எனக்குத் தெரியும், விலை அதிகம், அவருக்கும் பங்கு உண்டு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.3 சென்டிமீட்டர் வளரும். தோலை ஒட்டி வெட்டிய 3.9 சென்டிமீட்டர் முடியை வைத்து 90 நாள் பழக்கத்தைப் பார்ப்பார்கள். சாப்பிட்ட மருந்து வெட்டக்கூடிய உயரத்துக்கு வந்து சேரவே ஐந்து முதல் பத்து நாள் ஆகும். ஆக, முந்தின நாள் குடித்த இருமல் மருந்தால் கோடு விழவில்லையா என்ற கேள்விக்கு முடியிடம் பதிலே இல்லை. முடி நெகட்டிவ் என்று வந்தாலும் யூரின் ரிப்போர்ட் அப்படியே நிற்கும். உங்கள் மகனுக்கு இப்போது ஒரு சென்டிமீட்டர்கூட முளைத்திருக்காது, அதனால் கை, கால், நெஞ்சு முடியை எடுப்பார்கள். உடம்பு முடி ஒரே சீராக வளராததால், எப்போதோ சாப்பிட்டதுகூடத் தெரியும், எந்த மாதம் என்று சொல்ல முடியாது. போன வருடம் எதற்காவது வலி ஊசி போட்டிருந்தால் அதையும் இப்போது வந்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். மொட்டை போட்டதை மறைக்கும் தந்திரம் என்று யாராவது பேசினால், கோயில் ரசீது இருந்தால் காட்டுங்கள், அதற்கு மேல் பதில் சொல்லத் தேவையில்லை. முடி டெஸ்ட் வேண்டாம்.

கடைசியாக ஏஜென்ட். கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி, ஆர்பிஎஸ்எல் என்ற ஆளெடுப்பு உரிமம் வைத்திருக்க வேண்டும், வேலைக்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் பார்த்துவிடலாம். புகார் என்றால் அங்கேயே கொடுக்கலாம், தூத்துக்குடியிலேயே மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் அலுவலகமும் இருக்கிறது. அவர் கேட்டது வாட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். பணம் கொடுத்து மாற்றிய ரிப்போர்ட் போலி ஆவணம், அதோடு கப்பலேறினால் உங்கள் மகனின் குடுமி அவர் கையில். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய பிறகு டேங்கர் கம்பெனிகள் மது, போதை விஷயத்தில் இறுகிவிட்டன. கப்பலிலும் சொல்லாமல் கொள்ளாமல் டெஸ்ட் எடுப்பார்கள். ஒரே கார்டைக் காட்டி ஒருவனை ஆயுளுக்கும் ஒதுக்கும் அரசுப் பட்டியலை நான் இதுவரை பார்த்ததில்லை. கம்பெனி தன் கோப்பில் குறித்துவைக்கும், அதனால்தான் கோடீன் விவரமும் சீட்டும் அதே கோப்பில் இப்போதே ஏற வேண்டும் என்கிறேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். விமானிகளுக்கு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதியில், முதல் டெஸ்டில் சந்தேகம் வந்தால் வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி, கன்ஃபர்மேஷன் வந்த பிறகுதான் முடிவு என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். தனியார் வேலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. கடனை வாங்கிப் படித்துவிட்டு முதல் கப்பலுக்கு நிற்கிற பிள்ளையின் பிழைப்பை ஒரு பிளாஸ்டிக் கார்டும் ஒரு புரோக்கரும் முடிவு செய்கிறார்கள். ரிப்போர்ட் உரியவன் கைக்கு வருவதற்கு முன் ஏஜென்ட் போனுக்குப் போகிறது. யார் அனுமதித்தது இதை?

மறு டெஸ்டுக்குக் கூப்பிட்டால் போகட்டும். கோடீன் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும். அதற்கு முன் நாலு லிட்டர் தண்ணீர் குடி, சுத்தம் செய்யும் பானம் குடி என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருள் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீர்த்த மாதிரி என்று சந்தேகப்பட்டுத் திருப்பி எடுப்பார்கள், கப்பில் எதையாவது கலந்தால் அதுவே தனிக் குற்றமாகிவிடும். வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு, சீட்டின் நகலோடு போகட்டும். ஃபாரத்தில் மருந்துக் கட்டத்தை அவன் கையாலேயே நிரப்பி, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடட்டும்.

ஒருவேளை கன்ஃபர்மேஷனில் கோடீன், மார்ஃபின் தவிர வேறு ஏதாவது பெயர் வந்தால், அடிக்காமல், ஊரைக் கூட்டாமல், பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். பழக்கம் என்று தெரிந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு போதைப் பொருள் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது, சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது என்பதுதான் அதற்கு நிபந்தனை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த அளவுக்குப் போகாது என்றுதான் எனக்குப் படுகிறது. மருந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேட்ச் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அந்த ஈமெயிலோடு சேர்த்து அனுப்புங்கள்.