டர்போவை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் சார். போன வருடம் 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 82,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஒரு மாதமாக, மேட்டில் அழுத்தி ஓட்டினால் சட்டென்று இழுவை போய்விடுகிறது. ‘உஸ்’ என்று ஒரு சத்தமும் வருகிறது. எஞ்சின் விளக்கு எரிகிறது. புகை எதுவும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, ‘பி0299 வருகிறது, டர்போ போய்விட்டது, ஒன்றேமுக்கால் லட்சம் ஆகும்’ என்கிறார்கள். வீட்டில் நானே எதையாவது பார்க்க முடியுமா?

பதில்: பார்க்க முடியும். பார்த்து முடிக்கும் வரை அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். பி0299 என்றால் ‘எதிர்பார்த்த அளவு காற்றழுத்தம் வந்து சேரவில்லை’ என்று பொருள், அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றும் முன் பைப்பைப் பார்ப்போம் இல்லையா? இங்கேயும் அதே கதைதான்.

உங்கள் வண்டியில் இருப்பது 2.0 டிஎஸ்ஐ எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும் சக்கரம்தான் டர்போ. அது அமுக்கிய காற்று ரப்பர், பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக இன்டர்கூலருக்குப் போய், அங்கே சூடு தணிந்து எஞ்சினுக்குத் திரும்புகிறது. வழியெல்லாம் இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் சீல், ஒரு கம்பி கிளிப். நீங்கள் சொல்லும் ‘உஸ்’ சத்தம், புகை இல்லாதது, ஆயில் குறையாதது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் இந்த இணைப்புகள் மேல்தான் முதலில் விழுகிறது.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் குழாய்களைத் தொடர்ந்து போங்கள். கசியும் இடத்தில் காற்றோடு மெல்லிய ஆயில் ஆவியும் வெளியே வரும். அதில் தூசி ஒட்டி, ஈரமான கறுப்பு வளையமாகத் தெரியும். என் வண்டியில் இதே தொல்லை வந்தபோது இன்டர்கூலர் பக்கத்துக் குழாயின் அடியில் விரலை விட்டுத் தடவினேன். விரல் மை தொட்டது போல வந்தது. கிளிப்பின் ஒரு கால் பள்ளத்தில் உட்காராமல் வெளியே நின்றது. யாரோ எப்போதோ கழற்றிவிட்டு அரைகுறையாக மாட்டியிருக்கிறார்கள். புது சீல் போட்டு, கிளிப் ‘டக்’ என்று விழும்வரை அழுத்தியதும் வண்டி சரியாகிவிட்டது. அடியில் பார்க்க வண்டியைத் தூக்கினால் ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.

சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்வார்கள். வண்டியை நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் ஓடவிட்டுத் தெளித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அப்போது குழாயில் சொல்லிக்கொள்ளும்படி அழுத்தமே இருக்காது. வெளியிலிருந்து அளவாக அழுத்தம் கொடுத்தால்தான் குமிழி வரும். அதற்கான சாமான் இல்லாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் மெக்கானிக்கிடம் போங்கள். குழாய்க்குள் புகையை விடுவார்கள், ஓட்டை எங்கே என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

குழாய் சரியாக இருந்தால் அடுத்தது டைவர்ட்டர் வால்வ். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மிச்ச அழுத்தத்தைத் திருப்பி விடும் வால்வ் இது. முழுதாக மூடாமல் நின்றுவிட்டால் அமுக்கிய காற்று சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சினுக்குப் போகாது. அப்புறம் வேஸ்ட்கேட்டை, அதாவது டர்போவைச் சுற்றவைக்கும் எஞ்சின் புகையின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவை இயக்கும் மின்சார ஆக்சுவேட்டர். இவை எல்லாம் தேறிய பிறகுதான் டர்போ மேல் கை வைக்க வேண்டும்.

அதையும் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றினால் டர்போவின் சின்னச் சக்கரம் தெரியும். இதழ்களின் ஓரம் கூராக இருக்கிறதா, கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தண்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்படாதீர்கள், ஆயில் படலம் இருப்பதற்காக விட்ட இடைவெளி அது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இதழ் கூட்டில் உரசினாலோ டர்போ போய்விட்டது என்பது உண்மைதான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டி ஓடும் தண்டு அது. எந்தப் பொருளையும் உள்ளே விழவிடாதீர்கள், கழற்றிய திருகுகளை ஒரு தட்டில் போட்டு வையுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் ஒன்று கேளுங்கள்: குழாயைச் சோதித்தீர்களா, என்ன கண்டீர்கள் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாகம் மாற்றினால் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

கேள்வி: அதே மாதிரி எஞ்சின்தான் சார் என்னுடையதும். வேகமெடுக்கும்போது குலுங்குகிறது, எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. இன்னொன்று, கூலன்ட் மாதா மாதம் கொஞ்சம் குறைகிறது. தரையில் சொட்டு இல்லை.

பதில்: விளக்கு மினுக்கினால் அழுத்தி ஓட்டாதீர்கள், ஓரம் கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அந்தச் செலவு தாங்காது. வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் கோளாறு. எஞ்சின் ஆறிய பிறகு, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களில் இரண்டாவது சிலிண்டருடையதையும் மூன்றாவதுடையதையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, அது ஒன்றை மாற்றினால் போதும். எண் நகராவிட்டால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்.

கூலன்டுக்கு, எஞ்சினின் கியர்பாக்ஸ் பக்கம், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குக் கீழே வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. இந்த எஞ்சினுக்கு நன்றாகத் தெரிந்த பலவீனம் அது. கசிவு கியர்பாக்ஸ் மேலேயே வழிந்து காய்ந்துவிடுவதால் தரைக்கு வராது. டார்ச் அடித்தால் இளஞ்சிவப்போ வெள்ளையோ பொருக்குத் தெரியும். கூட்டை மொத்தமாக மாற்றுவதே சரி, எம்சீல் வைத்து ஒட்டும் யோசனையை ஏற்க வேண்டாம். சூடான எஞ்சினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

கேள்வி: ஆயில் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? வண்டியை நிறுத்தும் முன் டர்போ ஆற ஐட்லிங்கில் விட வேண்டுமா?

பதில்: கம்பெனி 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்கிறது. நம் வெயிலிலும் நெரிசலிலும் ஓட்டுகிறவர் 8,000-இல் மாற்றுங்கள் என்பேன். டப்பாவின் பின்பக்கம் ‘விடபிள்யூ 502 00’ என்ற ஃபோக்ஸ்வேகன் அங்கீகாரம் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள், வெறும் 5டபிள்யூ-40 என்ற ஆயிலின் கெட்டித்தன்மை எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஃபில்டர் மேலேயே இருப்பதால் வீட்டில் மாற்றச் சுலபம்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடும் டர்போ டைமர் தனியாக வாங்க வேண்டாம். நிறுத்திய பிறகும் ஒரு சின்ன மின்பம்ப் கூலன்டைச் சுற்றவிட்டு டர்போவை ஆற்றுகிறது. ஃபேன் சில நிமிடம் ஓடினால் அது கோளாறு அல்ல. பைபாஸில் விரட்டி வந்தீர்கள் என்றால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வாருங்கள், போதும்.