பாஸ்சரைசர் கழுவ எவ்வளவு காஸ்டிக், எவ்வளவு சூடு?

கோபிசெட்டிபாளையம் பக்கம் சிறு பால் பண்ணை வைத்திருக்கிறீர்கள். காஸ்டிக் சோடாவைக் கூட்டியும் பாஸ்சரைசர் (பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம்) பைப்பில் வெள்ளைப் படிவு போகவில்லை, இன்னும் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

கூட்ட வேண்டாங்க. அது பால்கல், பெரும்பாலும் கால்சியம் உப்பு. காஸ்டிக் ஒரு காரம்; அது கொழுப்பையும் புரதத்தையும்தான் கரைக்கும். உப்புக்கு அமிலம் வேண்டும்: நைட்ரிக் அமிலம் 0.5 முதல் 1 சதவீதம், 60 டிகிரிக்குச் சற்று மேல், 15 நிமிடம் ஓடட்டும். நம்ம பக்கத்துக் கடினமான போர் தண்ணீரும் இந்தப் படிவைக் கூட்டும்.

காஸ்டிக் 1 முதல் 1.5 சதவீதமே போதும். அதாவது 100 லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிலோ. கைக்கணக்கு வேண்டாம், எடை போடுங்கள். சூடு 75 டிகிரி, திரும்பி வரும் பைப்பில் அளந்து.

பலர் கோட்டை விடுவது முதல் அலசலில். கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில் கொழுப்பு உருகாது. 40 டிகிரி வெதுவெதுப்பு சரி.

அப்புறம், அலுமினியக் கேனில் காஸ்டிக் படவே கூடாது, அரித்துவிடும். அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கையோ அமிலத்தையோ சேர்க்க வேண்டும்; பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்.